மண்டோரை எழுப்புற மாத்திரை

பயம் இல்ல கஸ்தூரி. உங்கண்ணன் பயந்துகிட்டுத்தான் ஆப்பரேசனுக்கு சைன் போடலன்னு நீயா முடிவு பண்ணிக்காத. நீ மொதல்ல உக்காரு. காஸ்வே பாலத்து ஜாம்ல நின்னுகிட்டே வந்த மொகமா இருக்கு. பசியாறுனியா? கீழ கேண்டீன்ல ரொட்டி சானாய் போடுறான், வாங்கியாரவா... சரி, வேணான்னா வேணாம். கோவத்துல இருக்குற ஆளுக்கு ரொட்டி எறங்காது. கோவப்படு, வேணாங்கல. கூடப் பொறந்தவளுக்கு இல்லாத உரிமையா. குரல மட்டும் கொறச்சிக்கம்மா. அந்த நர்ஸு மிஸ்ஸி ஏற்கனவே நம்மளத் திரும்பித் திரும்பிப் பாக்குது.

டாக்டர் ஐலீன் சொன்னத உங்கிட்ட போன்ல சொன்னேன்ல, அதேதான். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சைன் போட்டா பாதத்துல பாதியோட போவும். இல்லன்னா விஷம் மேல ஏறிடும், முட்டிக்குக் கீழ எடுக்கணும். அதுக்கும் விடலன்னா உசுருக்கே ஆபத்தாம். ஆப்பரேசன் தியேட்டர்ல எடம் புடிச்சி வச்சிருக்காங்களாம். உங்கண்ணன் என்னா கேக்குறாரு தெரியுமா? ஏஓஆர் பாரம் குடுங்கங்கிறாரு. சொந்தப் பொறுப்புல வீட்டுக்குப் போறேன், தெனம் வந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுக்குறேன்னு. டாக்டர் பாவம், படம் போட்டுக் காட்டுது, எலும்பு வரைக்கும் போயிருச்சுன்னு சொல்லுது. இவரு அந்தப் படத்தப் பாக்கல. என்னப் பாத்து, யோகேஸ், மூச்சு எப்புடி இருக்குங்கிறாரு. டாக்டர் திரும்பி என்னப் பாக்குது. எனக்கு அப்புடியே தரைக்குள்ள போயிடலாம் போல ஆயிருச்சு.

மாமாவுக்கு, அதான் உங்கப்பாவுக்கு, நடந்தத நெனச்சிப் பயப்படுறாருன்னுதான நீ சொல்ற? மாமாவுக்குக் காலு எடுத்தப்ப காஹாங் ஊருலருந்து கூட்டிட்டு வந்ததே உங்கண்ணந்தான். அப்புறம் மாமா மொடங்கியா கெடந்தாரு? கட்டக்கால நீட்டிக்கிட்டு, இது கித்தாக் காலுடா, ரப்பரு, ஒதச்சா வலிக்காது, வாங்கடா பாப்போம்னு சடக்குல போறவங்கள எல்லாம் வம்புக்கு இழுத்துக்கிட்டு இருந்தாரு. உங்கண்ணனும் அந்தக் கொழுப்புதான். மொத நாளு டாக்டர் சொன்னப்பவே, காவல் காக்குற ஜாகாக்காரனுக்குக் கண்ணு இருந்தா போதும் டாக்டர், காலு எதுக்கு, கேமராவ உக்காந்துதான பாக்கப் போறேன்னாரு. அந்தப் புள்ள சிரிச்சிருச்சு. அப்பவே சைன் போட்டுருவாருன்னுதான் நானும் நெனச்சேன். அப்புறம் ஊசிப் பேச்சு வந்துச்சு. அதுலருந்துதான் தல கீழா நிக்கிறாரு.

என்னா ஊசின்னா... இரு, வரேன். நீ கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன். இல்லன்னா மனசுல வச்சிக்கிட்டே இருப்ப. ஒரே வீட்டுல இருந்துகிட்டு காலு அழுகுறது எப்புடி அண்ணி தெரியாமப் போச்சுன்னு கேட்ட. நியாயமான கேள்விதான்.

வேலைக்குப் போறப்ப பூட்ஸு. அந்த இரும்பு மூக்கு வச்ச பூட்ஸு. கம்பெனி குடுத்தது, ஒரு சைஸு கம்மி, மாத்திக் கேளுங்கன்னா கேக்க மாட்டாரு. கோடவுனச் சுத்திச் சுத்தி வரணும். காலையில வந்து சாக்ஸோடயே படுப்பாரு. ஏர்கோண்ட்ல நின்னு நின்னு காலு ஐஸா போச்சு, அப்புடியே இருக்கட்டும்பாரு. சாக்ஸ அவரே தொவச்சிக் காயப் போட்டாரு கஸ்தூரி. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு கைக்குட்ட நனைச்ச ஆளில்ல உங்கண்ணன். நெஞ்சு முடியாதவளுக்கு ஒத்தாச பண்றாருன்னு நான் பெருமப்பட்டுக்கிட்டேன். குளியலறையில டெட்டால் வாசன. அலமாக், அடேங்கப்பா, மாப்பிள்ளைக்கு என்னா திடீர்னு இவ்ளோ சுத்தம்னு கிண்டல் கூடப் பண்ணேன். சிரிச்சாரு.

தண்ணி தண்ணியாக் குடிச்சாரு, பாத்தேன். பெல்ட்டுல புதுசா ஓட்ட போட்டாரு, அதையும் பாத்தேன். இல்லங்கல.

நீ வாரா வாரம் போன் பண்ணி மாத்திர சாப்புட்டியாண்ணேன்னு கேப்பல்ல. சாப்புட்டேன்மான்னு சொல்லுவாரு. ஒரு மாத்திரையச் சாப்புட்டாரு, அந்தப் பெரிய மாத்திர. அதுல பொய் இல்ல. இனிப்புநீரு சக்கரைக்கு அவருக்கு ரெண்டு மாத்திர, ஞாபகம் இருக்கா? பெருசு ஒண்ணு, சின்ன வெள்ள மாத்திர ஒண்ணு. அந்தச் சின்னதுதான் இப்ப பேச்சே.

புரியலல்ல? புரியாது. எங்கூட்டுக் கதையே எல்லாம் எம் மூச்சுலருந்துதான் ஆரம்பிக்குது. அதச் சொல்லாம இது வெளங்காது.

எனக்கு மூச்சுப்பையக் கழுவுனாங்களே, நீ கூட லீவு போட்டுட்டு வந்தியே. மயக்கம் குடுத்துட்டு ஒரு பக்கத்து மூச்சுப்பையில உப்புத்தண்ணிய விட்டு விட்டு எடுத்தாங்க. அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி போத்தல் போத்தலா வந்துச்சுன்னு உங்கண்ணன் சொன்னாரு. போத்தல வரிசையா வச்சிருந்தாங்களாம், மொதல்ல கட்டியா, போகப் போகத் தெளிவா. அது சளி இல்லையாம். மூச்சுப்பை ஒட்டிக்காம இருக்குறதுக்கு எல்லாருக்குமே உள்ள ஒரு வழவழப்பு இருக்குதாம். பழசானதத் தின்னு சுத்தம் பண்றதுக்கு அங்கயே ஆளுங்க இருக்காங்களாம். ஆளுங்கன்னா செல்லு. எனக்கு ஆளு இருக்கு, வேல நடக்கல. அதான் உள்ள தேங்கி நின்னுச்சு. தண்ணியில முங்காமலே முங்குற மாதிரி. சொல்லத் தெரியல எனக்கு. சோத்துச் சட்டிய எறக்கி வச்சிட்டு சுவத்தப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்.

அந்தச் சமயத்துலதான் உங்கண்ணன் படிக்க ஆரம்பிச்சாரு. பாரம் த்ரீயோட படிப்ப நிறுத்துன ஆளு. ஜாகாக் கொட்டாய்ல போன வச்சிக்கிட்டு, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடுவாரு, அந்த அர்த்தத்துக்கு ஒரு அர்த்தம் தேடுவாரு. தப்பும் தவறுமாத்தான் படிச்சாரு, பாதிய நெஞ்சு டாக்டரு திருத்துனாரு. அதுக்காக விடுற ஆளா? காலையில வந்தா எனக்குப் பாடம். நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருப்பேன், இவரு செல்லப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பாரு. நியூக்ளியர் ரிசெப்டர்னு ஒண்ணு இருக்குன்னு ஆரம்பிச்சாரு. பக்கத்து வீட்டு ரீத்தா அக்கா வாசல்ல நின்னு, ஏண்டி யோகேஸ், ஒம் புருசன் பாம் செய்றாரா, போலீஸு வந்தா எங்கூட்டுப் பேரச் சொல்லிறாதீங்கன்னுச்சு.

பாம் இல்ல அது. உங்கண்ணன் பாசையில அது மண்டோரு, எஸ்டேட்டுல ஆளுங்கள வேல ஏவுற கங்காணி மாதிரி. எப்புடின்னா, கொழந்த வயித்துல இருக்கறப்பவே அந்த ஆளுங்க ரத்தத்தோட மூச்சுப்பைக்கு வந்து எறங்கிருவாங்களாம். ஆனா எதுக்கு வந்தோம்னு தெரியாது. லோரியில கொண்டாந்து கேட்டுல எறக்கி விட்ட புது ஆளுங்க மாதிரி மூட்டையத் தூக்கிக்கிட்டு நிப்பாங்களாம். கொழந்த பொறந்து மூச்சு இழுக்க ஆரம்பிக்குதுல்ல, அந்த மொத சில நாள்லதான் வேலையே கைக்கு வருமாம். மூச்சுப்பை ஒரு ஆர்டர் அனுப்பும். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ள, நட்ட நடு மையத்துல, ஒரு மண்டோரு உக்காந்திருக்கான். ஆர்டர் வந்ததும் அவன் எழுந்து, ஏய், நீ இந்த வேல, இந்தச் சாமான எடு, இப்புடித் தின்னு, இப்புடிக் கழுவுன்னு சொல்லுவானாம். அப்பத்தான் அது மூச்சுப்பை ஆளா ஆவும். ஆனதுக்கு அப்புறம் அந்த எடத்த விட்டுப் போவாதாம். அங்கயே பெருகி, அங்கயே சாவும்.

எனக்கு என்னா ஆச்சுன்னா, அந்த ஆர்டர எம் ரத்தமே நடு வழியில புடிச்சிக் கிழிச்சிப் போடுதாம். ஏன்னு டாக்டருக்கும் தெரியல. ஆர்டர் வராததால மண்டோரு தூங்குறான். மண்டோரு தூங்குறதால ஆளுங்க மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கொழுப்பத் தின்னுதுங்க, செரிக்கல. நான் சிரிச்சேன். ஏங்க, எம் மூச்சுப்பை எஸ்டேட்டாப் போச்சான்னு. அவரு சிரிக்கல. யாராவது போயி அந்த மண்டோர எழுப்பணும் யோகேஸுன்னாரு.

அப்புறம் ஒரு நாளு காலையில வேல முடிஞ்சி வந்தவரு தொப்பியக் கூடக் கழட்டல. மண்டோர எழுப்புறது நம்ம வீட்டுலயே இருக்குடி, மேச மேலயே இருக்குடிங்கிறாரு. அவரு சாப்புடுற சின்ன மாத்திர இருக்குல்ல, அது எழுப்புறதும் அதே மண்டோரத்தானாம். ஒடம்புல கொழுப்பு இருக்குற எடத்துலயும் அதே மண்டோருதானாம். அங்க எழுப்புனா சக்கர எறங்குது. அதே மாத்திரை மூச்சுப்பையில உள்ளவன எழுப்புமான்னு வெளிநாட்டுல பாத்துக்கிட்டு இருக்காங்களாம். இத்தன வருசமா நான் முழுங்கிக்கிட்டு இருக்கேன்டி, பக்கத்துலயே நீ மூச்சு முட்டிக்கிட்டு கெடக்குறன்னு சொல்லி உக்காந்துட்டாரு.

இல்ல இல்ல, அப்பவே குடுக்கல. முட்டாளு இல்ல உங்கண்ணன். அடுத்த அப்பாய்ண்ட்மெண்டுல நெஞ்சு டாக்டர்கிட்ட நேராக் கேட்டாரு. நல்ல மனுசன் அந்த டாக்டரு, கோவப்படல. நீங்க படிச்சது இருக்குறதுதான் தங்கராஜு, ஆனா அது இன்னும் ஆராய்ச்சிதான், முடிவு தெரியல. உங்க வைஃபுக்கு இருதயம் லேசாப் பலவீனம். அந்த மாத்திர தண்ணிய ஒடம்புலயே நிறுத்தும், காலு வீங்கும், அப்புறம் நெஞ்சுக்கே திரும்பும். நான் குடுக்க மாட்டேன், நீங்களும் வேற எங்கயும் தேடாதீங்க. மூச்சுல இழுக்குற மருந்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், வரட்டும், பொறுங்கன்னாரு. பொறுங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. கெலாங் பாத்தா வீடு வர்ற வரைக்கும் மோட்டோவ உங்கண்ணன் முறுக்கிக்கிட்டே வந்தாரு. நான் பின்னால உக்காந்து இழுத்து இழுத்து மூச்சு விடுறது அவரு முதுகுலதான பட்டுக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாளு கழிச்சி, புது வைட்டமின், ஆஸ்பத்திரியிலருந்து குடுத்தாங்கன்னு உள்ளங்கையில ஒரு சின்ன வெள்ள மாத்திர. காலையில வேல விட்டு வந்ததும் மொத வேல அதுதான். சுடுதண்ணியோட கொண்டாந்து குடுப்பாரு. முழுங்குற வரைக்கும் நிப்பாரு. தொண்டையப் பாப்பாரு.

இப்ப ஏன் எங் காலப் பாக்குற?

ஆமா. வீங்கித்தான் இருக்கு. சேலைய எறக்கிக் கட்டிக்கிட்டு மறைச்சி வச்சிருக்கேன். உங்கண்ணனுக்குக் காட்டல. பொறு, அழாத. அழுதா மிஸ்ஸி வந்துரும், ஏன் எதுக்குன்னு கேக்கும். கையக் குடு இங்க.

இப்ப வெளங்குதா ஊசிப் பேச்சு என்னான்னு? இங்க வந்து படுத்த அன்னிக்கே மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டு இன்சுலின் போட்டுட்டாங்க. மாத்திரைய ஒழுங்காச் சாப்புட்டும் சக்கர இவ்ளோ ஏறிருச்சுன்னா இந்த மாத்திர இவருக்குப் புடிக்கல, இனி ஆயுசுக்கும் ஊசிதான்னு எழுதிட்டாங்க. உங்கண்ணன் மிஸ்ஸிகிட்ட சண்ட. என் சின்ன மாத்திரையக் குடு, என் சின்ன மாத்திரையக் குடுன்னு. தேவையில்ல அங்கிள், ஊசி இருக்குல்லன்னு அது சொல்லுது. வார்டே சிரிக்குது, மாத்திர மேல இவ்ளோ ஆசையா உள்ள ஆள இப்பத்தான் பாக்குறோம்னு. வீட்டுல இருந்தது முடிஞ்சி போச்சு கஸ்தூரி. கிளினிக்ல அடுத்த மாத்திர வாங்குற நேரம் இது. இங்கயே இருந்து ஆப்பரேசன் பண்ணிக்கிட்டு ஊசிக்காரனா வெளிய போனா கிளினிக்ல அந்த மாத்திரையக் குடுக்க மாட்டாங்க. இந்த ஊசிக் கணக்கு அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நொண்டிக்கிட்டாவது போயி வாங்கிடணும்னு பாக்குறாரு. அதுக்குத்தான் ஏஓஆர். காலுக்காக இல்ல. மண்டோரு திரும்பத் தூங்கிருவானேன்னு.

டாக்டர்கிட்ட சொல்லணும், தெரியும். நெஞ்சு டாக்டர்கிட்ட இன்னிக்கே நான் போயி என் வாயால சொல்லுவேன், காலையும் காட்டுவேன். அது எம் பொறுப்பு. ஆனா அத இப்பப் போயி இந்த வார்டுல சொன்னா என்னா ஆவும்? டாக்டர் வந்து நல்ல வார்த்த சொல்லும், திட்டும், சட்டம் பேசும். உங்கண்ணன் கேட்டுக்கிட்டு படுத்திருப்பாரு. சைன் மட்டும் போட மாட்டாரு. எம் மூச்சு நல்லாயிருச்சுன்னு கண்ணால பாத்துட்டாருல்ல. கழுவுனதுக்கு அப்புறம் மூணாந்தட்டு மாடிக்குத் துணி காயப் போட ஏறுனேன், தனலெட்சுமி மக கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறுனேன். டாக்டரு கழுவுனதாலன்னு சொல்றாரு. இவரு மாத்திரையாலங்கிறாரு. எதுன்னு யாருக்குத் தெரியும்? கடவுளுக்கே தெரியுமோ என்னமோ.

அதனாலதான் உன்ன வரச் சொன்னேன். சண்ட போடுறதுக்கு இல்ல.

நீ உள்ள போ. கோவமாப் போ, இப்ப வந்தியே அதே கோவத்தோட. போயி சொல்லு. அண்ணே, அண்ணி உன்ன முட்டாளாக்கிட்டாங்க. அது உன் மாத்திரன்னு கண்டுபுடிச்சிட்டாங்க, ஒண்ணு கூட முழுங்கல. நாக்குக்கு அடியில வச்சிருந்து நீ குளிக்கப் போனதும் துப்பித் துப்பிக் கொட்டியிருக்காங்க. அவங்களுக்கு நல்லானது கழுவுனதாலதான், ஒம் மண்டோரும் இல்ல, மண்ணும் இல்ல. நீ சும்மா கால அழுக வச்சிக்கிட்டுக் கெடக்குறன்னு சொல்லு. அவரு கோவப்படுவாரு. என்னக் கண்ட மாதிரி ஏசுவாரு. ஏசட்டும். ஆனா யோசிப்பாரு. கணக்குப் போட்டுப் பாக்குற மனுசன் அவரு. மாத்திர உள்ளயே போவல, ஆனாலும் மூச்சு நல்லாயிருச்சுன்னா மாத்திர தேவையில்லன்னுதான அர்த்தம்? அந்த எடத்துக்கு வந்துட்டாருன்னா பேனாவக் கையில குடு. கூட இருக்குறவங்க போடுற வாரிஸ் சைன் நான் போட்டுக்குறேன்.

நான் போயி சொன்னா நம்ப மாட்டாரு. எம் மூஞ்சியப் பாத்தே புடிச்சிருவாரு, இத்தன வருசம் குடும்பம் நடத்துன ஆளு. நீ பொய் பேசத் தெரியாதவன்னு ஊருக்கே தெரியும். கோவத்துல கத்துனா உண்மைன்னு நெனச்சிக்குவாரு.

பாவமா? ஏம்மா, அந்தக் காலே போறத விடவா?

எந்திரி. மூஞ்சியத் தொடச்சிக்க. அந்தா டாக்டர் ஐலீன் திரும்பி வருது பாரு, அது கட்டிலுக்கிட்ட போறதுக்குள்ள நீ போயி நிக்கணும். போ.

என்னா, நின்னுட்ட?

துப்புனேனான்னா கேக்குற?

இல்ல கஸ்தூரி. அவரோட மாத்திரைய முன்ன எல்லாம் கிளினிக்ல நான்தான வாங்கியாருவேன், எனக்கா அடையாளம் தெரியாது. மொத நாளே தெரிஞ்சிருச்சு. வேணாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். தண்ணி நல்லா வெதுவெதுப்பா இருந்துச்சு, முழுங்கிட்டேன். மறுநாளும் முழுங்கினேன். அவரு தண்ணி தண்ணியாக் குடிக்கிறதப் பாத்துக்கிட்டே முழுங்கினேன். மூச்சு வந்துச்சும்மா. அடி வயித்துலருந்து, மொத தடவயா மூச்சு விடுறவ மாதிரி. அந்த ருசி உனக்குத் தெரியாது.

போ, டாக்டர் கட்டிலுக்கிட்ட போயிருச்சு பாரு. கத்திச் சொல்லு, எனக்கு இங்க கேக்கணும்.